பெயர் சொல்லி ஜெபித்தவள்

நீ ஜன்னல் பக்கமே இருந்துகொள், அம்மா. நான் கோவில்பட்டியில் இறங்கிவிடுவேன். ஒரு மணி நேரம்தான். அதற்குள் எனக்கு ஒரு நியாயம் கேட்க வேண்டும். நீ திருச்சிக்குப் போகிறவள். என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. நியாயம் சொல்ல அப்படி ஓர் ஆள்தான் சரி.

ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது தப்பா?

தப்பு என்று எங்கள் ஐயர் சொல்லிவிட்டார். ஐயர் என்றால் பாதிரியார். தயாபுரத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பதினாறு வருஷம் என் கையில் இருந்த ஜெபக் குறிப்பு நோட்டை வாங்கி லில்லி புஷ்பத்திடம் கொடுத்துவிட்டார். "டீச்சர், கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார். ஓய்வாம். பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற மறுநாளே கோயிலைப் பெருக்கப் போனவள் நான். வயலட் டீச்சருக்கு ஓய்வு!

அந்த நோட்டு என்னவென்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று வாசிப்பேன். சபை மொத்தமும் அதற்காக ஜெபிக்கும். மேற்குத் தெரு செல்லையாவின் சிறுநீரகக் கல் கரைந்துபோக. பால்ராஜ் மகன் அகஸ்டின் மூன்றாவது தடவையும் எழுதுகிற கணக்குப் பரீட்சையில் தேற. எல்லா விவரமும் இருக்கும். என் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போகும். இப்போது லில்லி வாசிக்கிறாள். "சகோதரி ஒருவரின் சுகத்துக்காக. சகோதரர் ஒருவரின் குடும்பச் சமாதானத்துக்காக." யார் அந்த ஒருவர்? எந்தத் தெரு? கர்த்தருக்கு விலாசம் வேண்டாமா? நான் முதல் வரிசையில் இருந்து பெருமூச்சு விடுகிறேன். சத்தமாகத்தான். கேட்கட்டும் என்றுதான் விடுகிறேன்.

எல்லாம் தங்கபுஷ்பத்தால் வந்தது. எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். புருஷன் இல்லை, ஒரே மகள் பெர்சி. நல்லவள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜெபிக்க வராது. வீட்டுக் கூட்டத்தில் அவள் முறை வந்தால், "ஆண்டவரே, எல்லாரையும் பாத்துக்கிடும், ஆமென்." முடிந்தது. எல்லாரையும் என்றால் யாரை? போன வருஷம் பெண்கள் சங்கத்தில் கிறிஸ்தவ அன்பு எப்படிப்பட்டது என்று நான் நாற்பது நிமிஷம் பேசினேன். எட்டுத் தலைப்பு. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இவள் பின்னால் இருந்து பாடகர் குழு அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி குறிப்பெடுக்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு நாள் என் வீட்டு அடுக்களைக்கு வந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்றாள்.

"டீச்சர், பெர்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம். பயமா இருக்கு. சின்னதுல வலிப்பு வந்த பிள்ள. நாலு வருஷமா ஒண்ணுமில்ல, மாத்திர சாப்பிடுதா. ஜெபத்துல நெனச்சிக்கிடுங்க டீச்சர்."

நினைத்துக்கொள்ளச் சொன்னாள். நினைத்தேன். சத்தமாக நினைத்தேன். இதுதான் நான் செய்த குற்றம்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் அறிவிப்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்குப் பெர்சிக்கு முதல் ஓலை. ஐயர் வாசித்தார். பிறகு பிரசங்கம். பிறகு நான் எழுந்து நோட்டைத் திறந்தேன்.

"ஏழு வயது முதல் வலிப்பு நோயால் அவதிப்படும் பெர்சி, தன் விவாகத்துக்கு முன்பாகப் பூரண சுகம் பெறும்படியாக."

நல்ல வாக்கியம்தானே? பூரண சுகம் என்கிற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுதேன், அம்மா. அன்பு இல்லாமலா அழுவார்கள்? பெற்றவள் அழவில்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலை கேட்பதற்கென்று தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை அந்தக் கதவு வழியாக எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை.

மாப்பிள்ளைப் பையனிடம் பெர்சியே முன்னாலேயே சொல்லிவிட்டாளாம். அவன் சரி என்றானாம். வீட்டில் பக்குவமாகத் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருந்தானாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? "யார்கிட்டயும் சொல்லாதிய டீச்சர்" என்று ஒரு வார்த்தை தங்கபுஷ்பம் சொன்னாளா? சொல்லவில்லை. இதை நான் ஐயரிடமும் கேட்டேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீங்க ஒரு மன்னிப்புக் கேக்கணும்" என்றார். மாட்டேன் என்றேன். ஜெபித்ததற்கு மன்னிப்புக் கேட்டவள் என்று வரலாற்றில் என் பெயர் வர வேண்டுமா? அன்றைக்குத்தான் நோட்டு கை மாறியது.

அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். மறைத்துச் செய்கிற கல்யாணம் நிலைக்காது என்று ஒன்று. இப்போதே தெரிந்தது நல்லதுக்குத்தான் என்று ஒன்று. இன்னும் இரண்டு மூன்று இருந்தது. வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றாள். எப்போதும் சொல்கிற அதே ஸ்தோத்திரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் பதில்களை நான் என்ன செய்வது? வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். பெர்சி மட்டும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது அன்பா, நீயே சொல்லு.

இரு, இனிமேல்தான் இருக்கிறது.

மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு. வீட்டில் நான் தனி. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. சங்கத்துப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள், ஆப்பிள் வைத்தார்கள், போனார்கள். ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை எப்படித் தலை பின்னுவாள், எப்படி ஜாக்கெட் கொக்கி மாட்டுவாள் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. வயலட் டீச்சர் போய் அதையா சொல்வாள்?

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். தங்கபுஷ்பம். கையில் சீப்பு.

"உக்காருங்க டீச்சர்."

"எதுக்கு?"

"தல சிக்குப் பிடிச்சிரும்லா."

ஆறு வாரம் வந்தாள். என் ஜாக்கெட்டில் எல்லாம் கொக்கியைப் பிரித்துவிட்டுப் பிரஸ் பட்டன் வைத்துத் தந்தாள். எனக்குப் பிரஸ் பட்டன் பிடிக்காது. சொன்னேன். "கை சரியானதும் மாத்தித் தாரேன் டீச்சர்" என்றாள். ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன், இன்றைக்குக் கேட்பாள் என்று. என் தலை அவள் மடிக்கு மேல். சீப்பு அவள் கையில். நானாக இருந்தால் ஓர் இழுப்பு இழுத்திருப்பேன், உன்னிடம் என்ன மறைக்க. அவள் சிக்கை விரலால் பிரித்துவிட்டுத்தான் சீப்பை வைத்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். தலை பின்னிவிடுகிறவளை என்ன செய்வது?

கை உடைந்ததைக் கேட்டு ஏப்ரலில் என் மகள் ஷீபா மதுரையிலிருந்து வந்தாள். இரண்டே நாள். என் மருமகன் ரெஜினால்டு அங்கே இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். அவன் பாடினால் கோயில் அதிரும். அந்தச் சம்பந்தம் என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நான் சபையில் மூன்று தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஷீபா நான்கு ஜாக்கெட்டைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்து, கையை முழங்கை வரை இறக்கித் தைக்கச் சொன்னாள். "இந்த வெயில்லயா?" என்று நான் சிரித்தேன். "இப்ப இதாம்மா ஸ்டைல்" என்றாள். இரண்டு பேரும் உள் அறைக்குப் போய் அளவெடுத்தார்கள். வெகுநேரம். "கையளவு எடுக்க இவ்வளவு நேரமாட்டி?" என்று நான் கூடத்திலிருந்து கத்தினேன். என் கண் சாதாரணக் கண் இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் எவன் காப்பியடிக்கிறான் என்று சொல்லிவிடுவேன். என் பிள்ளை இரண்டு நாள் என் வீட்டில் இருந்தாள். நான் ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்க ஏதாவது இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே.

போன வாரம் வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. ரெஜினால்டு போன் பண்ணினான். "அத்தை, ஷீபா அங்க வந்திருக்காளா?" என்றான். இல்லையே என்றேன். வைத்துவிட்டான். திரும்ப நான் அடித்தால் எடுக்கவில்லை. ஷீபாவின் போன் அணைந்து கிடந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். செருப்பை மாட்டிக்கொண்டு ஐயர் வீட்டுக்குக் கிளம்பினேன். கோயில் மணியை அடித்துச் சபையைக் கூட்ட வேண்டும், காணாமல் போன என் மகளுக்காக எல்லாரும் முழங்கால் போட வேண்டும். வாக்கியம்கூட மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

வாசல் கேட்டில் தங்கபுஷ்பம் நின்றாள். ஊரிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி சேலை கசங்கியிருந்தது.

"எங்க போறிய டீச்சர்?"

"ஐயர் வீட்டுக்கு. வழிய விடு."

"போகாதிய. ஷீபா நல்லாருக்கா. கோவில்பட்டில எந் தங்கச்சி வீட்டுல இருக்கா. பெர்சி கூட இருக்கா. நான் இப்ப அங்கயிருந்துதான் வாரேன்."

நான் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். எம் பிள்ளைக்கு நீ யாரு, எம் பிள்ளை உன் தங்கச்சி வீட்டுக்கு எதுக்குப் போகணும் என்று கத்தினேன். அவள் கேட்டைச் சாத்திவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள். ஏப்ரலில் அளவெடுக்கும்போது ஷீபாவின் இரண்டு கையிலும் மேலே கன்றிப்போய் இருந்ததாம். முதுகிலும். பழையதும் புதியதுமாக.

"பாத்தவ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதீங்கக்கான்னு அழுதா டீச்சர்."

அவ்வளவுதான். அவள் சொல்லாதே என்றாளாம், இவள் சொல்லவில்லையாம். ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. ஷீபாவின் போனை ரெஜினால்டு தினமும் எடுத்துப் பார்ப்பானாம். அதனால் நான்கு ஜாக்கெட்டிலும் உள்மடிப்புக்குள் தன் நம்பரைத் துணியில் எழுதி வைத்துத் தைத்துவிட்டாளாம். எந்த நேரம் என்றாலும் கூப்பிடு, என்ன ஏது என்று கேட்க மாட்டேன், வந்து நிற்பேன் என்றாளாம். அந்த வியாழக்கிழமை காலையில் ஷீபா மடிப்பைப் பிரித்துப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். தங்கபுஷ்பமும் பெர்சியும் பஸ் பிடித்துப் போய் அவன் காலேஜிலிருந்து வருவதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நேரே இங்க கூட்டிட்டு வர வேண்டியதுதான? பெத்தவ நான் இல்லையா?"

தங்கபுஷ்பம் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள். நான் விடவில்லை. பிடித்த பிடியில் நின்றேன். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நானும் சொன்னேன் டீச்சர். அம்மாட்ட போவோம்னு. 'ஐயோ, வேண்டாங்கக்கா, அம்மா ஜெபம் பண்ணிருவாங்க'ன்னா."

அம்மா ஜெபம் பண்ணிருவாங்க.

ஒருவர் அடித்துவிடுவார், திட்டிவிடுவார் என்பார்கள். ஜெபம் பண்ணிவிடுவார் என்று யாராவது பயந்து கேள்விப்பட்டிருக்கிறாயா? நான் பெற்ற பிள்ளை, அம்மா. ஒவ்வொரு ராத்திரியும் தலையில் கை வைத்து ஜெபித்துத் தூங்க வைத்த பிள்ளை.

ஷீபா சொல்லி அனுப்பியிருந்தது இதுதான். இந்த விஷயத்தை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தால் அடுத்த சனிக்கிழமை அம்மா வரட்டும், பார்க்கிறேன். சொன்னால் வர வேண்டாம். ஒன்பது நாள் ஆயிற்று. ஐயருக்குச் சொல்லவில்லை. சங்கத்துக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் நாக்கு பல்லுக்குப் பின்னால் எப்படித் துடித்தது தெரியுமா? உன்னிடம் சொல்வது சேர்த்தி இல்லை. நீ சபை இல்லை. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். தங்கபுஷ்பம் அதை என்னிடம் கேட்கவே இல்லை. நான் போய்க் கேட்டால் என்ன சொல்வாள்? "இருக்கட்டும் டீச்சர்" என்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. கோபப்படத் தெரியாதவளிடம் என்னத்தை மன்னிப்புக் கேட்பது?

இரு, போன் அடிக்கிறது. லில்லி. எடுக்காவிட்டால் விடமாட்டாள்.

"சொல்லு லில்லி... ஆமா, வெளியதான் இருக்கேன்... பஸ் சத்தம்... யாரு, ரெஜினால்டா? ஐயருக்குப் போன் பண்ணினானா? என்ன கேட்டான்?... ம்... ம்... அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஷீபா நல்லாருக்கா. எம் பிள்ள எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்னு ஐயர்ட்ட சொல்லு, அது போதும்... நாளைக்கா? இல்ல. எழுத ஒண்ணும் இல்ல. பேர் போடாமயும் வேண்டாம்... ஏட்டி, இல்லன்னா இல்ல. வை."

பார்த்தாயா? பதினாறு வருஷத்தில் முதல் தடவை. வாந்தியைத் திரும்ப விழுங்கின மாதிரி இருக்கிறது. லில்லிக்கு ஒரு வாயளவு விஷயம் கிடைத்திருக்கும். கொடுக்கவில்லை.

உன்னிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ திருநெல்வேலியில் ஏறும்போதே அழுத கண்ணோடுதான் ஏறினாய். பஸ்ஸில் இடம் நிறையக் கிடந்தது. நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே, என்னம்மா கஷ்டம், பெயர் என்ன, சொல்லு என்று கேட்கத்தான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை அடக்கத்தான் இவ்வளவு நேரம் என் கதையைப் பேசிக்கொண்டு வந்தேன். கேட்டேனா? கேட்கவில்லை. இப்போதும் சொல்லாதே.

ஊர் வந்துவிட்டது. அந்தப் பையை எடுத்துக் கொடு. ஜாக்கிரதை, உள்ளே ஷீபாவுக்கு மீன் குழம்பு.

அதோ, அந்தப் பழக்கடை பக்கத்தில் நிற்கிறாளே, பச்சைச் சுடிதார், அவள்தான் பெர்சி. தங்கபுஷ்பம் தான் வராமல் இவளை அனுப்பியிருக்கிறாள். நான் இறங்குவதைப் பார்த்தும் சிரிக்க மாட்டாள். ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போயாக வேண்டும். எவ்வளவு மெலிந்துபோனாள்.

ஐயர் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டார், அம்மா. பெர்சியின் அம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்றார். நான் சபை நடுவில் வாசித்தது அம்மாவின் பெயரையா? இந்தப் பிள்ளையின் பெயரை. இவளுக்குக் கோபப்படத் தெரியும். இவள் "இருக்கட்டும்" என்று சொல்ல மாட்டாள். நடு ரோட்டில் நாலு வார்த்தை கேட்பாள். கேட்கட்டும். நான் தயார் பண்ணி வைத்திருந்த பதில் ஒன்றையும் இன்றைக்கு எடுக்கப்போவதில்லை.

ஐயர் சொன்னார் என்பதற்காக இல்லை, தெரிந்துகொள். நானாகத்தான் போகிறேன். போய் வருகிறேன். வயலட் டீச்சர் மன்னிப்புக் கேட்டாள் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.